பெட்டியைப் பிரிக்கும் முன் சுற்றை எண்ணுங்கள்

கேள்வி: ஊர் புளியரை. வலது காலில் கியர் போடும் பழைய நாலு கியர் புல்லட் 350 வைத்திருக்கிறேன். கியர் பல் உடைந்ததால் புனலூரில் ஒரு பழைய சாமான் கடையில் சில சக்கரங்கள் வாங்கிப் போட்டோம். மலைச்சாலையில் எஸ் வளைவு ஏறும்போது மூன்றாவது கியர் தானாகக் கழன்று விழுகிறது. இரண்டாவதில் ஒரே கூவல். எந்தச் சக்கரம் சேராதது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இந்த இரண்டும் ஒரே கோளாறாக இருக்க வேண்டியதில்லை. கியர் பெட்டியைத் திறக்காமலே பாதி விடை கிடைக்கும்.

வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, பிளக்கைக் கழற்றி, இடப்பக்க செயின்கேஸ் மூடியை எடுங்கள். கிளட்ச் லீவரை அழுத்திக் கட்டிவிட்டு, கிளட்சின் ஸ்பிரிங் தட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு கியராகப் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் சரியாக 8 சுற்று சுற்றினால் அந்தக் கோடு எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ண வேண்டும். முன்னே 16 பல், பின்னே 38 பல் ஸ்பிராக்கெட் இருந்தால் டாப்பில், அதாவது நாலாவது கியரில், 19 சுற்று வரும். மூன்றில் 26க்குச் சற்றுக் குறைவு, இரண்டில் 35, ஒன்றில் 53க்குச் சற்றுக் குறைவு. டாப்பிலேயே 18க்குச் சற்றுக் குறைவாக வந்தால் பயப்பட வேண்டாம், முன்னால் இருப்பது 17 பல். மற்ற எண்களும் அதே விகிதத்தில் குறையும்.

டாப்பில் எஞ்சின் சுழற்சி நேராக வெளியே போகிறது. ஒன்று, இரண்டு, மூன்றில் மட்டும் லே ஷாஃப்ட் என்ற துணைத் தண்டு வழியாகச் சுற்றி, கடைசியில் முன் ஸ்பிராக்கெட்டைச் சுழற்றும் ஸ்லீவ் பினியனுக்கு வருகிறது. ஆகவே டாப் சரியாக இருந்து மற்ற மூன்றும் ஒரே விகிதத்தில் தப்பினால், ஸ்லீவ் பினியனும் அதோடு கடிக்கும் லே ஷாஃப்ட் பல்லும் ஜோடி இல்லை. ஒரு கியர் மட்டும் தப்பினால் அந்த ஜோடியைப் பாருங்கள். சத்தத்துக்கும் இதே கணக்குத்தான். உங்களுக்கு இரண்டில் மட்டும் கூவுவதால் சந்தேகம் இரண்டாவது ஜோடி மேல்.

எண்ணிக்கை சரியாக வந்தும் கூவினால் பல்லின் அளவு வேறாக இருக்கலாம். இங்கேதான் பழைய சாமானில் பலரும் ஏமாறுகிறார்கள். இன்ச் கணக்கில் 10 டிபி பல் (பல் கடிக்கும் வட்டத்து விட்டத்தின் ஓர் இன்ச்சுக்குப் பத்துப் பல்) என்பது மெட்ரிக்கில் 2.54 மாட்யூல் (அதே விட்டத்தில் ஒரு பல்லுக்கு 2.54 மில்லிமீட்டர்). அதன் பக்கத்தில் 2.5 மாட்யூல் பல்லை வைத்தால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கையால் சுற்றினால்கூட ஓடும். 24 பல் சக்கரத்தை உதாரணமாக எடுத்தால், முதலாவதன் வெளி விட்டம் 66.04 மில்லிமீட்டர், இரண்டாவதன் விட்டம் 65. வெர்னியர் வைத்தால் பிடிபட்டுவிடும். பல்லில் மார்க்கிங் நீலம் (தடம் காட்டும் சாயம்) தடவிச் சுற்றிப் பாருங்கள். தடம் பல்லின் நடுவில் பட்டையாக விழ வேண்டும், நுனியில் கோடாக விழுந்தால் அந்த ஜோடி ஆகாது. அளவு ஒன்றாக இருந்தாலும் தேய்ந்த பல்லோடு புதுப் பல் சேர்ந்தால் கூவும். சக்கரத்தை எப்போதும் ஜோடியாகவே மாற்றுங்கள்.

இனி மூன்றாவது கியர். ஏற்றத்தில் மட்டும் கழன்றால் டாக் எனப்படும், கியரைப் பூட்டிப் பிடிக்கும் முட்டுப் பல்லின் இழுக்கும் பக்கத்து முகம் மழுங்கியிருக்கும். ஆரியங்காவில் இருந்து இறங்கி வரும்போது, ஆக்சிலேட்டரை விட்ட நிலையில் கழன்றால் மறுபக்கம். ஆனால் அதற்கு முன் வலப்பக்க வெளி மூடியைக் கழற்றி, கியர் போடும் அசைவை நிறுத்தும் ஸ்டாப்பர் பிளேட்டைப் பாருங்கள். அதன் நட்டுகளைத் தளர்த்திச் சிறிது நகர்த்தினால் கியர் முழுதாக விழுகிறதா என்று தெரியும். மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் போட்டுப் பாருங்கள். பிளேட் தவறியிருந்தால் டாக் ஓரத்தில் மட்டும் பிடிக்கும், நாளடைவில் அந்த ஓரமே உருண்டுவிடும்.

பிரித்தபின் டாக்கின் மூலையை நகத்தால் வருடுங்கள். நகம் தடுக்க வேண்டும், வழுக்கினால் போய்விட்டது. வெல்டிங் வைத்து அரம் போட்டுத் தருகிறேன் என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தச் சூட்டில் பல்லின் கடின மேல்தோல் போய்விடும், அடுத்த ஏற்றத்தில் மறுபடி கழலும். பெட்டிக்குள் கியரை நகர்த்தும் ஃபோர்க்கின் நுனியும் ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறதா பாருங்கள். மெயின் ஷாஃப்டை கிளட்ச் முனையில் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஸ்லீவ் பினியன் புஷ் தேய்ந்துவிட்டது, டாக் புதிதாகப் போட்டாலும் நிற்காது.

கேஸ்கெட் தடிமனை மாற்றாதீர்கள். மூடியை இறுக்கியதும் ஷாஃப்ட் கையால் இலகுவாகச் சுற்ற வேண்டும். முதல் ஓட்டம் செங்கோட்டைச் சமதளத்தில், தனியாளாக. எஸ் வளைவு அதற்குப் பிறகு.