அளவுகளுக்கு விஞ்ஞானிகளின் பெயரை வைப்பது ஏன்?

எல்இடி பல்பு அட்டையில் '9 வாட்' என்று போட்டிருக்கும். அந்த வாட், ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் வாட். இப்படி ஒருவரின் பெயரையே அளவீட்டு அலகுக்குச் சூட்டுவதும் ஒரு மரியாதைதான். சிலை ஏதோ ஓர் ஊரில் நிற்கும். இந்தப் பெயரோ மிக்சியின் அடியில்கூட இருக்கிறது.

தந்தியும் கடலடிக் கம்பிகளும் பரவிய காலத்தில் மின்சாரத்தை ஆளாளுக்கு ஒரு கணக்கில் அளந்தார்கள். எல்லோருக்கும் பொதுவான அலகுகள் தேவைப்பட்டன. 1881இல் பாரிஸில் கூடிய மின்சார மாநாடு மின்னழுத்தத்துக்கு வோல்ட், மின்னோட்டத்துக்கு ஆம்பியர், மின்தடைக்கு ஓம் ஆகியவற்றை ஏற்றது. வோல்டா இத்தாலியர், ஆம்பியர் பிரெஞ்சுக்காரர், ஓம் ஜெர்மானியர். எந்த நாடும் முகம் சுளிக்காத பட்டியல்! அடுத்த ஆண்டு பொறியாளர் வில்லியம் சீமென்ஸ் 'வாட்' என்ற பெயரை முன்மொழிந்தார்.

நம் வீடுகளில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதில்லையா, அதே மாதிரி. 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்'தான். தாத்தாவைப் பார்த்தேயிராதவர்களும் அந்தப் பெயரைத் தினம் கூப்பிடுவார்கள்.

அலகுக்குப் பெயர் தந்தவரே அதைக் கண்டுபிடித்தார் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 1819இல் இறந்த வாட் மேம்படுத்தியது நீராவி எஞ்சினை, அதன் திறனை அவர் சொன்னதோ எத்தனை குதிரைகளுக்குச் சமம் என்ற கணக்கில்.