சட்டக் கேள்வி பதில்: நட்டஈட்டுக்காகப் புதுக்கடைக்குப் போகலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 52. கொட்டாஞ்சேனையில் வசிக்கிறேன். புறக்கோட்டை பிரதான வீதியில் உள்ள புடவைக் கடையொன்றில் நாளொன்றுக்கு 2,500 ரூபாய் சம்பளத்துக்கு வேலை செய்கிறேன். எட்டு மாதங்களுக்கு முன்னர் ஜம்பட்டா வீதியில் பாதசாரிக் கடவையில் நடந்தபோது கார் ஒன்று இடித்து விழுந்ததில் வலது மணிக்கட்டு எலும்பில் வெடிப்பு ஏற்பட்டது. சாரதி அன்றைக்கே 10,000 ரூபாய் தந்தார். பொலிஸிலும் முறைப்பாடு பதிவாகியிருக்கிறது. 26 வேலை நாட்கள் வீட்டில் இருந்தேன். இப்போது காரின் காப்புறுதி நிறுவனம் 45,000 ரூபாய் தருவதாகவும், ‘முழுமையான, இறுதித் தீர்வு’ என்று எழுதிய பத்திரத்தில் கையெழுத்திடும்படியும் கேட்கிறது. பத்து இலட்சம் கேட்டு வழக்குப் போடச் சொல்கிறார் மருமகன். கிடைப்பதை வாங்கிக்கொண்டு விட்டுவிடுங்கள் என்கிறார் மனைவி. விபத்து நேரத்தில் நான் கைத்தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். வழக்குக்குப் போகலாமா?
– வாசகர், கொழும்பு 13

பதில்: கொழும்பின் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்குப் போகலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் உங்கள் மருமகன் சொல்லும் தொகையோடு போவதை நான் ஆதரிக்க மாட்டேன். மனைவி சொல்வதைப் போல அந்தப் பத்திரத்தில் இன்றே கையெழுத்திடவும் வேண்டாம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 26 நாள் சம்பளம் 65,000 ரூபாய். தனியார் நிலையத்தில் எடுத்த எக்ஸ்ரே, கைப் பயிற்சி ஆகியவற்றுக்கு 18,500 ரூபாயும் முச்சக்கரவண்டிக்கு 7,200 ரூபாயும் செலவானதாக நீங்கள் இணைத்துள்ள பற்றுச்சீட்டுகள் காட்டுகின்றன. மொத்தம் 90,700 ரூபாய்; சாரதி தந்த பத்தாயிரத்தைக் கழித்தால் 80,700 ரூபாய். தேசிய வைத்தியசாலையில் பிளாஸ்டர் போட்டதற்குப் பணம் கட்டவில்லை என்பதால் அதற்காக எதுவும் கேட்க முடியாது. இவற்றோடு, நமது நாட்டில் இத்தகைய வழக்குகளை ஆளும் உரோம-டச்சுச் சட்டப்படி, பட்ட வலிக்கும் வேதனைக்கும் தனியாக ஒரு தொகை கோரலாம். முழுமையாகக் குணமடைந்த ஒரு வெடிப்புக்கு அந்தத் தொகை இலட்சக்கணக்கில் ஏறும் என்று எதிர்பார்ப்பதற்கு இடமில்லை. ஆகவே நிறுவனம் தருவதாகச் சொல்வதற்கும் நீங்கள் பத்திரங்களால் நிரூபிக்கக்கூடியதற்கும் இடையிலுள்ள வித்தியாசம் 35,700 ரூபாயும் வேதனைக்கான ஒரு தொகையும்தான். மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடுவது நீங்கள் அறியாததல்ல. நீதிமன்றத்துக்கு வரவேண்டிய ஒவ்வொரு தவணையிலும் உங்களுக்கு ஒருநாள் சம்பளம் போகும். பதினான்கு தவணைகள் என்றால் சட்டத்தரணிக்குக் கொடுப்பதைச் சேர்க்காமலே 35,000 ரூபாய்.

கைத்தொலைபேசி விடயத்தையும் சேர்த்தே எடைபோட வேண்டும். பாதசாரிக் கடவையில் நடந்தவரை இடித்த சாரதியின் கவனயீனத்தை நிரூபிப்பது கடினமல்ல. ஆனால் உங்கள் பக்கத்திலும் கவனக்குறைவு இருந்தது என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி நிச்சயம் கேட்பார். அது நிரூபிக்கப்பட்டாலும் உங்கள் வழக்கு முழுவதாகத் தோற்றுவிடாது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி, உங்கள் பங்குக்கு ஏற்ற அளவு நட்டஈட்டைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இதை உங்கள் சட்டத்தரணியிடம் முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள். குறுக்கு விசாரணையில்தான் அவர் முதன்முதலாகக் கேள்விப்பட வேண்டும் என்றில்லை.

நீதிமன்றத்துக்கு முன்னால் இன்னொரு கதவு இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டத்தின்படி, குறிப்பிட்ட பெறுமதிக்கு உட்பட்ட நட்டஈட்டுப் பிணக்குகளை நேரடியாக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியாது. முதலில் சபைக்குச் சென்று, இணக்கம் காணப்படவில்லை என்ற சான்றிதழைப் பெற்றுக்கொண்டே வழக்குத் தாக்கல் செய்ய வேண்டும். ஆரம்பத்தில் 25,000 ரூபாயாக இருந்த அந்த எல்லை பிற்பாடு பல மடங்கு உயர்த்தப்பட்டிருக்கிறது. உங்களுடைய கோரிக்கை அதற்குள் அடங்கும். தொகையைப் பத்து இலட்சமாக ஊதிவிட்டால் சபையைத் தாண்டிவிடலாம் என்று மருமகனுக்கு யாராவது சொல்லியிருந்தால், அது உங்களுக்கு நல்லது செய்யும் ஆலோசனையல்ல. சபைகள் பெரும்பாலும் வார இறுதியில் கூடுகின்றன என்பதால் உங்கள் நாட்சம்பளம் போகாது. அங்கே சட்டத்தரணிகள் வாதாடுவதில்லை. நீங்களும் அந்தச் சாரதியும் நேருக்கு நேர் பேசுவீர்கள். காப்புறுதி அதிகாரியிடம் தொலைபேசியில் கெஞ்சுவதைவிட அந்தப் பேச்சுக்குப் பயன் அதிகம். என் அனுபவத்தில் சிறு விபத்துகள் பெருமளவில் தீர்வதும் அங்கேதான்.

பொலிஸ் வழக்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அதைத்தான் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். புதுக்கடை நீதவான் நீதிமன்றத்தில் பொலிஸார் தொடுக்கும் வழக்கு, சாரதியைத் தண்டிப்பதற்கானது. அவர் கட்டும் தண்டப்பணம் அரசுக்குப் போகும், உங்களுக்கு வராது. இருப்பினும் நட்டஈடு செலுத்துமாறு நீதவான் கட்டளையிட முடியும் என்பதால், உங்கள் செலவுப் பத்திரங்களைப் போக்குவரத்துப் பொலிஸ் பிரிவிடம் முன்கூட்டியே கொடுத்துவைப்பது நல்லது. சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டால், சிவில் வழக்கிலும் அது உங்களுக்குச் சான்றாகும்.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கொழும்பில் நம்மவர் பலர் பொலிஸ் நிலையத்தில் சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தின் கீழ், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்திட்டுவிட்டு வருகிறார்கள். ‘கடவையில் நடந்தேன்’ என்று நீங்கள் சொன்னது ‘கடவைக்கு அருகில்’ என்று எழுதப்பட்டிருந்தால் முழு வழக்கும் ஆட்டம் காணும். முறைப்பாட்டின் சான்றுப்படுத்தப்பட்ட பிரதியைப் பெற்று, சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு வரிக்கு வரி பாருங்கள். நீதிமன்றத்தைப் பொறுத்தவரை, நடவடிக்கை நடைபெறும் மொழி தெரியாத தரப்பினருக்கு அரச செலவில் தமிழ் மொழிபெயர்ப்பு வழங்கப்பட வேண்டும் என்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை கூறுகிறது. கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

பத்திரங்களில் வைத்தியசாலையின் நோய் நிர்ணய அட்டையும் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையும் முக்கியமானவை. சம்பள இழப்புக்கு முதலாளியின் கடிதம் வேண்டும். உங்கள் ஊழியர் சேமலாப நிதிப் பதிவில் உண்மையான சம்பளத்தைவிடக் குறைவான தொகை காட்டப்பட்டிருந்தால் (புறக்கோட்டையில் இது புதிதல்ல), அந்தக் கடிதத்தை எதிர்த்தரப்பு சந்தேகத்தோடு பார்க்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

சபையிலும் முடியாமல் வழக்குத்தான் என்ற நிலை வந்தால் இரண்டு காலக்கெடுக்களைத் தவறவிடக் கூடாது. காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தாக்கலாகிவிட வேண்டும். எட்டு மாதங்கள் போய்விட்டன. ‘பரிசீலனையில் இருக்கிறது’ என்று நிறுவனம் எத்தனை கடிதம் அனுப்பினாலும் அந்தக் காலம் நின்று காத்திருக்காது. அடுத்தது, வழக்கில் எதிராளி சாரதியும் அவரது செயலுக்குப் பொறுப்பாளியானால் வாகன உரிமையாளரும்தான். காப்புறுதி நிறுவனம் அத்தீர்ப்பின்படி பணம் செலுத்த வேண்டுமானால், வழக்குத் தாக்கலாவதற்கு முன்னரோ தாக்கலாகி ஏழு நாட்களுக்குள்ளோ அதற்கு அறிவித்தல் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டம் கூறுகிறது. வென்ற தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த ஏழு நாளைத் தவறவிட்டதால் சாரதியின் வீட்டு வாசலில் நிற்கும் நிலை உங்களுக்கு வேண்டாம்.

இப்போதைக்கு உங்கள் கணக்கையும் பத்திரப் பிரதிகளையும் இணைத்து, 80,700 ரூபாயும் வேதனைக்கு நியாயமான ஒரு தொகையும் கேட்டு, சட்டத்தரணி ஒருவர் மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். செலவு கட்டுப்படியாகாவிட்டால் புதுக்கடையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவில் விசாரியுங்கள். நிறுவனம் எழுபதாயிரத்துக்கு மேல் இறங்கி வந்தால், உங்கள் இடத்தில் நான் வாங்கிக்கொள்வேன்.

கேள்வி: முச்சக்கரவண்டியில் பயணித்தபோது வான் ஒன்று மோதி முழங்காலில் அடிபட்டது. அன்றே 15,000 ரூபாய் வாங்கிக்கொண்டு பொலிஸ் நிலையத்தில் கையெழுத்திட்டேன். இப்போது படி ஏறவே முடியவில்லை. இனி எதுவும் கேட்க முடியாதா?
– வாசகி, தெமட்டகொடை

பதில்: நீங்கள் எதில் கையெழுத்திட்டீர்கள் என்பதைப் பொறுத்தது, சகோதரி. பணம் பெற்றதற்கான பற்றுச்சீட்டு மட்டுமாக இருந்தால் அந்தப் பதினைந்தாயிரத்தைக் கழித்துக்கொண்டு மிகுதியைக் கோரலாம். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதப்பட்டிருந்தால் அது உங்களைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை. ஏமாற்றியோ வற்புறுத்தியோ அதைப் பெற்றார்கள் என்று காட்டினால்தான் அதைத் தள்ள முடியும். முதலில் அந்தப் பதிவின் பிரதியை எடுங்கள், முழங்காலை ஒரு எலும்பு முறிவு வைத்திய நிபுணரிடம் காட்டி, இந்த வலி அந்த விபத்தால் வந்ததுதானா என்பதை எழுத்தில் பெறுங்கள். இரண்டையும் கொண்டுவந்தால் மேற்கொண்டு பேசலாம்.