ராக்ஃபோர்டின் அப்பா முகம் மாறியது ஏன்?

முதல் கதையில் ராக்ஃபோர்டின் அப்பாவுக்கு ஒரு முகம், பிறகு வேறு முகம், டிஸ்க்கில் கோளாறா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் டிஸ்க்கில் கோளாறு இல்லை, நடிகரே வேறு ஆள்தான். 'தி ராக்ஃபோர்ட் ஃபைல்ஸ்' என்ற அமெரிக்கத் துப்பறியும் தொடரின் முதல் கதையில் அப்பா ராக்கியாக வருபவர் ராபர்ட் டான்லி. பிறகு நீங்கள் பார்த்த முகம் நோவா பியரி ஜூனியர். 1980-ல் தொடர் முடியும்வரை அவர்தான்.

முதலில் ஓடியது 1974 மார்ச்சில் என்பிசி தொலைக்காட்சி ஒளிபரப்பிய முன்னோட்டப் படம் (பைலட், அதாவது தொடர் எடுபடுமா என்று பார்க்க முதலில் எடுக்கும் முழுக்கதை). தொடர் செப்டம்பரில்தான் தொடங்கியது, அதற்குள் ஆளை மாற்றிவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று என்பேன். ராக்ஃபோர்டாக நடிக்கும் ஜேம்ஸ் கார்னரோடு பியரி போடும் அந்தச் செல்லச் சண்டை டான்லிக்கு வரவில்லை.

சந்தேகம் இருந்தால் கழிவறைச் சண்டையைத் தேடுங்கள். தரையில் சோப்பைக் கொட்டி, பின்னால் வரும் தடியனை (வில்லியம் ஸ்மித்) ராக்ஃபோர்ட் வழுக்கி விழவைத்து அடித்தால் அது முன்னோட்டப் படமேதான். இந்தப் படத்தில் நடிக்கும் நடிகை லிண்ட்ஸே வாக்னரை அடையாளமாக வைக்காதீர்கள். முதல் சீசனிலேயே இன்னொரு கதையிலும் அதே பாத்திரமாக வருகிறார்.

எபிசோட் எண்ணையும் நம்ப வேண்டாம். மறு ஒளிபரப்புக்காக இந்தப் படத்தை இரண்டு பாகமாக வெட்டியதால் பட்டியலுக்குப் பட்டியல் எண் மாறலாம். 'பேக்லாஷ் ஆஃப் தி ஹன்டர்' என்ற தலைப்பில் தேடுங்கள்.