நடப்பவர்களை நாமே எண்ணலாமா?

கேள்வி: எங்கள் பகுதிப் பள்ளிக்கு எதிரே சாலையைக் கடக்கப் பாதை கேட்டோம். போக்குவரத்துக் கணக்கெடுப்பின்படி அங்கே நடப்பவர்கள் குறைவு என்று பதில் வந்தது. நாங்களே எண்ணிக் கொடுத்தால் எடுபடுமா?

பதில்: ஒழுங்காக எண்ணினால் எடுபடும். முதலில் அந்தக் கணக்கெடுப்புத் தாளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். நடப்பவருக்கு அதில் ஒரு கட்டமாவது இருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் வண்டிகளை மட்டும்தான் எண்ணியிருப்பார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும், வேலைக்கு எப்படிப் போகிறீர்கள் என்று தொழிலாளர்களில் ஒரு பிரிவினரிடம்தான் கேட்டார்கள். விவசாயிகள்கூட அதில் இல்லை. பிள்ளையைக் காலையில் பள்ளியில் விட்டுத் திரும்பி, மாலையில் மறுபடி போய் அழைத்துவரும் தாய் நாளுக்கு நான்கு நடை நடக்கிறார். அந்த நான்கும் அதில் ஏறவில்லை.

சரி, எண்ணும் முறைக்கு வருவோம். சாலைக்குக் குறுக்கே ஒரு கோடு இருப்பதாக நினைத்து, பக்கத்துக்கு ஒருவராக நில்லுங்கள். காலை 7 முதல் 10, மாலை 3 முதல் 7, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு வரி. ஒரு வேலைநாள், ஒரு சந்தை நாள் அல்லது ஞாயிறு போதும். பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், முதியவர்கள், சைக்கிளில் வருபவர்கள், சைக்கிளைத் தள்ளி வருபவர்கள் என்று தனித்தனியாகக் குறியுங்கள். நடைபாதை இருந்தும் சாலையில் இறங்கி நடப்பவர்களையும் விடாதீர்கள். எது மறிக்கிறது என்பது அப்போது தெரிந்துவிடும்.

கடப்பவர் எண்ணிக்கை மட்டும் போதாது. இதை அழுத்திச் சொல்கிறேன். கடக்கும் பாதை தேவையா என்று பார்க்கப் பொறியாளர்கள் மணிக்குக் கடப்பவர் எண்ணிக்கையை வண்டி எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்குவார்கள். ஆனால் சாலை பயமுறுத்தினால் கடப்பவரே குறைந்துபோவார்கள். ஆபத்து மிகுந்த இடம் அந்தக் கணக்கில் தோற்கலாம். அதனால் ஒவ்வொருவரும் எத்தனை விநாடி காத்திருக்கிறார், எத்தனை பேர் நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறார்கள் என்பதையும் எழுதுங்கள். அப்புறம், பள்ளி வாசலில் பெற்றோரிடம் கேளுங்கள்: “கடக்க வழியிருந்தால் பிள்ளையை நடந்து வரவிடுவீர்களா?”

நடை, சைக்கிள் பயணங்களைப் பதிவுசெய்யும் செல்போன் செயலிகளின் தரவை நம்ப வேண்டாம். உடற்பயிற்சிக்குச் சைக்கிள் ஓட்டுபவர் அதில் இருப்பார், சைக்கிளில் பால் ஊற்றுபவர் இருக்கமாட்டார்.

எண்ணிய தாள்களை அப்படியே நகலெடுத்து, தேதி, நேரம், வானிலை குறித்து, பகுதி சபைக் கூட்டத்தில், அதாவது உங்கள் வார்டு மக்கள் குறைகளைச் சொல்லும் கூட்டத்தில், மனுவோடு கொடுங்கள். அதே இடத்தில் அதிகாரிகளும் உங்களோடு ஒருநாள் நின்று எண்ண வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள்.