ரத்தம் வருகிறதா? பிரஷை எடுத்து வைத்துவிடாதீர்கள்

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. முன்பற்கள் தூக்கலாக இருந்ததால் ஐந்து மாதங்களுக்கு முன் கிளிப் போட்டோம். இரண்டு மாதமாகப் பல் தேய்க்கும்போதெல்லாம் ஈறிலிருந்து ரத்தம் வருகிறது. ஈறு தடித்து, கிளிப்பின் மேல் ஏறியதுபோலத் தெரிகிறது. ரத்தத்தைப் பார்த்துப் பயந்துபோய், விரலால் பேஸ்ட்டைத் தடவிக் கொப்பளிப்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். கிளிப்பைச் சுற்றி வெள்ளைத் திட்டுகளும் வந்திருக்கின்றன. 'நம்ம ஊர்த் தண்ணீர் அப்படி' என்கிறார் என் மாமியார். அதனால் ஃபுளூரைடு இல்லாத மூலிகைப் பேஸ்ட்டுக்கு மாறிவிட்டோம். 'இவ்வளவு செலவு செய்து பல் கெட்டுப்போவதற்குப் பதில் கிளிப்பைக் கழற்றிவிடலாம்' என்கிறார் கணவர். என்ன செய்வது, டாக்டர்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் இரண்டு வரிகளில் பதில் சொல்லிவிடுகிறேன். கிளிப்பை நீங்களாக முடிவெடுத்துக் கழற்ற வேண்டாம். இன்றிரவே பிரஷை மறுபடி மகளின் கையில் கொடுங்கள்.

'ரத்தம் வருகிறதே, அங்கே போய்ப் பிரஷ் போடுவதா?' என்று தோன்றுவது இயல்புதான். கையில் காயம் பட்டால் அந்த இடத்தைத் தொடாமல் விடுகிறோம். ஈறு விஷயத்தில் அதே பழக்கம் கெடுதலாக முடிகிறது. பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் படிகிற மெல்லிய, வழவழப்பான படலத்தில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கின்றன. அவற்றை எதிர்க்கத்தான் உடல் அந்த இடத்துக்கு அதிக ரத்தத்தை அனுப்புகிறது. ஈறு சிவந்து வீங்குகிறது. லேசாகத் தொட்டாலும் கசிகிறது. ரத்தத்துக்குப் பயந்து தேய்க்காமல் விட்டால் படலம் இன்னும் தடிக்கும், ரத்தம் இன்னும் அதிகமாக வரும். உங்கள் மகள் இரண்டு மாதமாக இந்தச் சுழலில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறாள். பதின்ம வயதின் ஹார்மோன் மாற்றங்களும் சேர்ந்துகொள்வதால், இந்த வயதில் கொஞ்சம் அழுக்குக்கே ஈறு பெரிதாக வீங்கிவிடும். அவள்மேல் கோபப்படாதீர்கள்.

மென்மையான பிரஷால் தினமும் சரியாகத் தேய்த்தால் முதல் சில நாட்கள் ரத்தம் வரத்தான் செய்யும். பிறகு குறையும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களில் நின்றுவிடும். இதை அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாஷ்பேசினில் துப்பும் நுரை இளஞ்சிவப்பாக இருப்பதைப் பார்த்து மூன்றாம் நாளே அவள் மறுபடி பிரஷை வைத்துவிடக் கூடாது.

அடுத்து, உங்கள் மாமியார் சொன்ன தண்ணீர் விஷயம். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளின் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியிருந்த எத்தனையோ குடும்பங்களில் பல் கறை தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்திருக்கிறது. அந்தத் துயரத்துக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஊரில் எந்தக் குழந்தையின் பல்லில் வெள்ளையைக் கண்டாலும் பெரியவர்கள் தண்ணீரைச் சொல்வது அனுபவத்திலிருந்து வருகிற பேச்சு.

ஆனால் உங்கள் மகளின் திட்டுகள் அந்த வகை இல்லை என்றே நினைக்கிறேன். ஃபுளூரைடு கறை, பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் காலத்தில் ஏற்படுவது. கடைவாயின் ஞானப்பல் தவிர மற்ற நிலைப்பற்களின் எனாமல் (பல்லின் கெட்டியான மேல்படலம்) ஏறக்குறைய எட்டு வயதுக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது. அதன் பிறகு குடிக்கும் தண்ணீரால் புதிதாக அந்தக் கறை வராது. இருந்தால், பல் முளைத்தபோதே இருந்திருக்கும். இடது பக்கப் பல்லில் இருப்பதுபோலவே வலது பக்கத்திலும் இருக்கும். கிளிப் போடுவதற்கு முன் மருத்துவர் எடுத்த புகைப்படங்களைக் கேட்டுப் பாருங்கள். அவற்றில் இல்லாத வெள்ளை இப்போது பிராக்கெட்டின் (கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டியிருக்கும் சின்னத் துண்டு) ஓரத்தில், குறிப்பாக பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் நடுவில், சுண்ணாம்பு தடவியதுபோல் மங்கலாகத் தெரிந்தால் அது சொத்தையின் முதல் படி.

அந்த இடத்தில் படிந்த கிருமிகள் நாம் சாப்பிடும் சர்க்கரையையும் மாவுப் பண்டத்தையும் அமிலமாக்குகின்றன. அமிலம் எனாமலில் இருக்கும் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கரைத்து எடுக்கிறது. சுத்தம் போதாவிட்டால் கிளிப் போட்ட நான்கே வாரங்களில்கூட இந்தத் திட்டு கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். உங்கள் மகளுக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது. ஆனாலும் இன்னும் குழி விழாத திட்டு என்றால் அதை அங்கேயே நிறுத்திவிட முடியும்.

அப்படி நிறுத்துவதற்கு நம்மிடம் இருக்கும் முக்கியமான மருந்து ஃபுளூரைடு பேஸ்ட். அதைத்தான் நீங்கள் நிறுத்திவிட்டீர்கள்! வளரும் பருவத்தில் வயிற்றுக்குள் போகும் அதிகப்படியான ஃபுளூரைடு பல்லைக் கெடுக்கிறது. முளைத்து முடிந்த பல்லின் மேல் படும் ஃபுளூரைடோ, உமிழ்நீரில் இருக்கும் கால்சியம் மறுபடி எனாமலில் போய்ச் சேர உதவுகிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் இது. 14 வயதுப் பெண் பேஸ்ட்டைத் துப்பிவிடுவாள், விழுங்க மாட்டாள். அதனால் அட்டைப்பெட்டியில் 1000 பி.பி.எம். ஃபுளூரைடு என்று அச்சிட்டிருக்கும் பேஸ்ட்டுக்குத் திரும்புங்கள். இரவில் தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டு அலசிக் கொப்பளிக்க வேண்டாம். அந்தக் கொஞ்சம் பேஸ்ட் பல்லில் தங்கட்டும். வீட்டில் ஆறு வயதுக்குக் கீழ் குழந்தை இருந்தால் அதற்குப் பட்டாணி அளவுக்கு மேல் பேஸ்ட் கொடுக்காமல், பக்கத்தில் நின்று துப்ப வையுங்கள். உங்கள் ஊரில் இந்தக் கவனம் அவசியம்.

இனி தேய்க்கும் முறை. இதைப் படித்துச் சொல்வதைவிட ஒருநாள் நீங்களே கூட நின்று செய்து காட்டுவது நல்லது. கண்ணாடி முன், நல்ல வெளிச்சத்தில், செல்போன் டார்ச்சை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் வாயில் தண்ணீர் வைத்து நன்றாகக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். பெரிய துணுக்குகள் வந்துவிடும். கம்பியை ஒரு ரயில் பாதையாக நினைத்துக்கொண்டால், மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை, தண்டவாளத்தின் மேலேயே ஒரு தடவை தேய்க்க வேண்டும். மேல்வரிசைப் பல்லில், ஈறு ஓரத்தில் பிரஷை 45 டிகிரி சாய்த்து வைத்து, அழுத்தாமல் சின்னச் சின்ன வட்டமாக. பிறகு பிரஷைத் திருப்பி, கம்பிக்குக் கீழிருந்து மேல் நோக்கி. பிறகு பிராக்கெட்டின் நேர் முகத்தில். கீழ்வரிசையில் இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். கடைசியாக உள்பக்கமும் மெல்லும் பரப்பும்.

இவ்வளவு செய்தும் கம்பிக்கு அடியில், இரண்டு பிராக்கெட்டுகளின் இடையில் இருக்கும் சதுரம் அப்படியே கிடக்கும். அதற்கு மருந்துக்கடையில் 'இன்டர்டென்டல் பிரஷ்' என்று கேளுங்கள். பாட்டில் கழுவும் பிரஷை ஊசி அளவுக்குச் சிறிதாக்கியதுபோல இருக்கும். கம்பிக்குப் பின்னால் மேலிருந்து கீழாக விட்டு இரண்டு மூன்று முறை ஆட்டி எடுக்க வேண்டும். என்னிடம் வந்த ஒரு பையன், 'நான் நன்றாகத் தேய்க்கிறேன், இடமே சரியில்லை' என்று சாதித்தான். வாதாடாமல் அந்தச் சின்ன பிரஷை அவன் கையிலேயே கொடுத்தேன். முதல் இடுக்கிலிருந்து காலையில் சாப்பிட்ட சட்னியின் தேங்காய்த் துருவலும் கறிவேப்பிலைத் துணுக்கும் வந்தன. அவன் அதைக் கண்ணாடிக்கு அருகில் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த மாதம் வந்தபோது ஈறு வெளிர் இளஞ்சிவப்பாக, இறுக்கமாக இருந்தது.

இதற்கெல்லாம் இரவில் பத்து நிமிடம் ஆகும். காலையில் பள்ளிக்கு ஓடும் அவசரத்தில் பத்து நிமிடம் கிடைக்காது. பரவாயில்லை, மூன்று நிமிடம் தேய்க்கட்டும். ஆனால் இரவில் விட்டுக்கொடுக்கவே கூடாது. தூக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடுவதால், இரவு முழுவதும் பல்லில் தங்கும் உணவுக்கு எதிராக வாயில் காவல் இல்லை. பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்குப் பின் குழாயடியில் நான்கைந்து முறை பலமாகக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். பையில் ஒரு சின்ன டப்பாவில் இடுக்கு பிரஷும் மெழுகும் இருக்கட்டும். கம்பி முனை கன்னத்தில் குத்தினால் அந்த மெழுகைத் துளி எடுத்து உருட்டி அதன்மேல் ஒட்டலாம். புண்ணுக்கு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் இதமாக இருக்கும். கம்பி உரசுவதால் பிரஷின் தூவிகள் சீக்கிரம் விரிந்துவிடும்; விரிந்ததும் மாற்றிவிடுங்கள்.

கரித்தூள், சாம்பல், செங்கல்பொடி எதையும் வெள்ளையாக்குவதற்காகத் தேய்க்க விடாதீர்கள். ஏற்கெனவே பலம் குறைந்திருக்கும் எனாமலை அவை அராவிவிடும். மவுத்வாஷ் பிரஷுக்கு ஈடாகாது. அதிலும் குளோர்ஹெக்சிடின் வகையை மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மேல் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை ஏறும்.

சாப்பாட்டில், உடைப்பவையும் ஒட்டுபவையும் வேண்டாம். முறுக்கு, சீடை, கரும்பு, எலும்பு, ஐஸ்கட்டி ஆகியவை பிராக்கெட்டைப் பெயர்த்துவிடும். கடலை மிட்டாய் இரண்டு கெடுதலையும் சேர்த்துச் செய்யும். கமர்கட், ஜவ்வு மிட்டாய் பிராக்கெட்டைச் சுற்றி ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் கரையும். கொய்யாவை முழுதாகக் கடிக்காமல் சின்னத் துண்டுகளாக நறுக்கிக் கொடுங்கள். இனிப்பே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். 14 வயதுப் பெண்ணிடம் அது நடக்காது. சாப்பாட்டோடு ஒரே வேளையில் சாப்பிட்டுவிடட்டும். நாள் முழுவதும் பிஸ்கட், சர்க்கரை போட்ட டீ, பாட்டில் குளிர்பானம் என்று கொறிப்பதுதான் பல்லை விடாமல் அமிலத்தில் ஊறவைக்கிறது. பிராக்கெட்டைச் சுற்றியிருக்கும் சின்ன ரப்பர் வளையம் மஞ்சளாக மாறினால் பதற வேண்டாம். சாம்பார் மஞ்சளின் வேலை அது. வளையத்தை மருத்துவர் மாற்றும்போது போய்விடும்.

இரண்டு நாட்களுக்குள் உங்கள் கிளிப் மருத்துவரைப் பாருங்கள். ஸ்கேலிங் செய்யச் சொல்லிக் கேளுங்கள். இறுகிப் பற்காரையாகிவிட்ட அழுக்கை எந்த பிரஷாலும் எடுக்க முடியாது. 'கிளீன் செய்தால் பல் ஆடும்' என்று யாராவது சொல்வார்கள். கிளீன் செய்யாவிட்டாலும் கிளிப் போட்ட பல் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். ஒரு பக்கம் எலும்பு கரைந்து, மறுபக்கம் புது எலும்பு வளர்ந்துதான் பல் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது. ஈறு அழற்சியோடு பல்லை நகர்த்திக்கொண்டே போனால்தான் எலும்புக்கு உண்மையான ஆபத்து. அதனால் ஈறு தேறும்வரை மருத்துவர் கம்பியைச் சில வாரங்கள் தளர்த்தியோ கழற்றியோ வைக்கலாம். அதை அவர் முடிவு செய்யட்டும். சிகிச்சை தோற்றுவிட்டதாக நினைக்காதீர்கள். ஃபுளூரைடு வார்னிஷ் பூசுவது பற்றியும் கேளுங்கள். ஈறில் சீழ் வந்தாலோ, ஒரு பல் மட்டும் அதிகமாக ஆடினாலோ, ஒழுங்காகத் தேய்த்தும் இரண்டு வாரத்துக்குப் பிறகு வீக்கம் அப்படியே இருந்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள்.

உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். இப்போது பாதியில் கழற்றினால் நகர்ந்த பற்கள் பழைய இடத்துக்கே திரும்பிப் போகப் பார்க்கும், வெள்ளைத் திட்டும் அங்கேயே இருக்கும். போட்ட பணத்தைக் காப்பாற்ற அந்தச் சின்ன இடுக்கு பிரஷையும், இரவில் பத்து நிமிடத்தையும் முதலில் முயன்று பார்க்கலாம்.

கிளிப் கழற்றும் நாளில் திட்டுகள் கொஞ்சம் மிச்சமிருந்தால் மகள் கண்ணாடியைப் பார்த்து வருத்தப்படுவாள், அன்றைக்கே பிளீச்சிங் வேண்டும் என்பாள். பொறுக்கச் சொல்லுங்கள். கிளிப் போனபின் முதல் சில மாதங்களில் உமிழ்நீராலேயே பல திட்டுகள் மங்கும். ஆறு மாதத்துக்குப் பிறகும் தெரிபவற்றுக்கு, பல்லை அராவாமல் ரெசின் என்ற பிசின் போன்ற பொருளைத் திட்டுக்குள் ஊற வைத்து நிறத்தைச் சமன்படுத்தும் சிகிச்சை இருக்கிறது. அதுவரை ஃபுளூரைடு பேஸ்ட்டையும், பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்து வைக்க மருத்துவர் கொடுக்கும் ரிடெய்னரையும் அவள் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரிடெய்னரைச் சாதாரணத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும்; வெந்நீர் பட்டால் வளைந்துவிடும்.