வாசகர் கேள்வி: தேசிய றக்பி அணிக்குத் தெரிவு

வாசகி, புதுக்குடியிருப்பு: என் தம்பிக்கு 18 வயது. பாடசாலைக் கபடி அணியில் விளையாடியவர். 100 மீற்றரிலும் வலயமட்டம் வரை ஓடியிருக்கிறார். இலங்கை றக்பி அணிக்குப் போகலாமா என்று கேட்டுக்கொண்டேயிருக்கிறார். தெரிவாளர்கள் எதைப் பார்த்து ஆட்களை எடுக்கிறார்கள்?

பதில்: அணியில் எந்த இடத்துக்கு ஆள் தேவை என்பதிலிருந்துதான் தெரிவு தொடங்குகிறது. களத்தில் நிற்கும் 15 பேரில் 8 பேர் முன்களத்தவர், 7 பேர் பின்களத்தவர். 23 பேர் கொண்ட குழாமை அறிவிக்கும்போது, ஸ்க்ரமின் (இரு அணி முன்களத்தவரும் குனிந்து தோளோடு தோள் முட்டிப் பந்துக்காகத் தள்ளுவது) முன்வரிசையில் முட்டும் மூவருக்கும் அந்த இடத்துக்கென்றே பழகிய மாற்று வீரர்கள் இருந்தாக வேண்டும். பழகாதவர் அங்கே நின்றால் கழுத்துக்கே ஆபத்து. தங்கள் தம்பியின் ஓட்டத்துக்கு விங் என்னும் ஓர இடம் பொருந்தும்.

கபடி கைகொடுக்கும், ஆனால் ஒரு பழக்கத்தை மறக்க வேண்டியிருக்கும். கபடியில் பாடி வந்தவரைப் பிடித்தால் விடாமல் அமுக்கி வைத்திருக்க வேண்டும். றக்பியிலோ எதிராளியைத் தரையில் வீழ்த்தியவுடன் பிடியை விட்டு விலக வேண்டும். தவறினால் எதிரணிக்குப் பெனால்டி. பந்து வேறு பக்கம் போன பின்னரும் தெரிவாளரின் கண், விழுந்தவர் எத்தனை விரைவாக எழுந்து அடுத்த வேலைக்கு ஓடுகிறார் என்பதிலேயே இருக்கும். 20, 40, 60 மீற்றர் தூரங்களை ஓடித் திரும்புவதை நிறுத்தாமல் ஐந்து முறை செய்யும் 1,200 மீற்றர் 'புரொங்கோ' சோதனையைப் பல அணிகள் வைப்பதும் இதற்காகத்தான். தெரிவான பெயர்ப் பட்டியலுக்கு 1973 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ் அமைச்சரின் அங்கீகாரமும் வேண்டும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய தடை, கண்ணில் படாமலிருப்பது. தெரிவாளர்கள் பார்ப்பது கழகப் போட்டிகளை. பெயர்பெற்ற கழகங்கள் கொழும்பிலும் கண்டியிலும் இருக்கின்றன. முப்படைகளுக்கும் பொலிசுக்கும் அணிகள் உண்டு, அந்த வழியைப் பற்றி வன்னிக் குடும்பங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே, பாதிக்கு 7 நிமிடம் வீதம் எழுவர் ஆடும் 'செவன்ஸ்' வகையில் தொடங்குவதே நல்லதென்று நினைக்கிறேன். ஏழு பேரை ஊரிலேயே திரட்டலாம். வேகமுள்ளவர் அதில் சீக்கிரம் தெரியவருவார். ஆனால் ஆடி வெயிலில் இறுகிக் கிடக்கும் தரையில் விழுந்து பழக விடாதீர்கள், தோள் போய்விடும். மாரியில் நிலம் இளகிய பின் பழகட்டும்.

வாசகர், நெடுங்கேணி: கனடாவில் பிறந்த என் பேரன் அங்கே றக்பி விளையாடுகிறான். இலங்கைக்காக ஆட முடியுமா?

பதில்: உலக றக்பி அமைப்பின் விதிப்படி முடியும். தாய், தந்தை, பாட்டன், பாட்டி ஆகியோரில் ஒருவர் இலங்கையில் பிறந்திருந்தாலே போதும். ஒலிம்பிக் போட்டிகளுக்கு மட்டும் குடியுரிமையும் வேண்டும். கனடாவின் தேசிய அணிக்கு ஏற்கெனவே ஆடியிருந்தாலும், 2022 முதல் நடைமுறையிலுள்ள விதியின்படி, மூன்று ஆண்டுகள் எந்தத் தேசிய அணிக்கும் ஆடாமலிருந்து ஒரேயொரு முறை மாறலாம்.

உறவைக் காட்டத் தங்கள் பிறப்புச் சான்றிதழ் தேவைப்படும். இடப்பெயர்வில் அது தொலைந்திருந்தால், பேரன் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் பிரதேச செயலகத்தில் பிரதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.