மறு: லண்டன் லப்டொப்பில் @ அடித்தால் மேற்கோள் குறி வருகிறது

மாமா லண்டனிலிருந்து கொண்டுவந்த லப்டொப்பில் ஷிப்ட்டும் 2-உம் சேர்த்தால் இரட்டை மேற்கோள் வருகிறது, கீபோர்ட் பழுதா என்று கேட்டிருந்தீர்கள். பழுதில்லை தம்பி, அது பிரிட்டிஷ் விசைப்பலகை அமைப்பு. யாழ்ப்பாணக் கடைகளிலும் கம்பஸ் லாபிலும் நாம் பழகியது அமெரிக்க அமைப்பு. பிரிட்டிஷில் @ குறியும் இரட்டை மேற்கோளும் இடம் மாறியிருக்கும், ஷிப்ட்டும் 3-உம் பவுண்ட் (£) குறி தரும், # என்டருக்குப் பக்கத்தில் இருக்கும். கோட் எழுதுபவருக்கு இது பெரிய தொல்லை, எனக்கும் நன்றாகத் தெரியும்.

விண்டோஸ் மொழி அமைப்பில் அமெரிக்க விசைப்பலகையைச் சேர்த்து, பிரிட்டிஷை நீக்கிவிடுங்கள். இரண்டையும் வைத்திருக்க வேண்டாம். விண்டோஸ் விசையும் ஸ்பேசும் தவறிப் பட்டாலே மாறிவிடும். முக்கியமாக, கடவுச்சொல்லில் @, # இருந்தால் மாற்றிய பிறகு உள்நுழையும் திரையில் எந்த அமைப்பு இருக்கிறது என்று பாருங்கள். நான் அதைக் கவனிக்காமல் ஒரு பின்னேரம் முழுக்க உள்நுழைய முடியாமல் நின்றேன்.

பிறகு விசைகளில் அச்சிட்டிருப்பதைப் பார்க்காமல் அடியுங்கள். இடது ஷிப்ட் மட்டும் குட்டையாக இருக்கும், சின்னவிரல் பக்கத்து விசையில் பட்டு இடையிடையே \ விழும். அதற்குக் கை பழகத்தான் வேண்டும். நீங்கள் பாவிக்கும் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பு இதனால் மாறாது.